ஹெரால்டுக்கு எந்த டயர்?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஏதாவது ஒரு டயர் கடைக்குப் போய் 5.20-13 என்று கேட்டுப் பாருங்கள். கடை முழுக்க டயர்தான். கன்டெய்னர் லாரிக்கான 10.00-20 வாசலிலேயே இடுப்புயரத்துக்கு அடுக்கி நிற்கும். கார் ரேடியல்கள் உள்ளே கம்பித் தாங்கியில் வரிசையாக இருக்கும். 5.20-13 மட்டும் இருக்காது. கேட்டவர் பழைய டயரையும் கையோடு கொண்டு வந்திருந்தால், கடைக்காரர் அதைக் காலால் ஒரு புரட்டு புரட்டி எண்ணைப் படிப்பார். "இது இப்ப வர்றதே இல்ல சார். பதிமூணு ரிம்முதானே? நூத்தி எழுபத்தஞ்சு போட்டுடலாம். அகலமா உட்காரும், கிரிப்பும் நல்லா கெடைக்கும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. 13 என்பது ரிம்மின் விட்டம், அங்குலக் கணக்கில். 13 என்று முடியும் எந்த டயரும் அந்த ரிம்மில் ஏறிவிடும். காற்றடித்தால் நிற்கும், வண்டியும் ஓடும். தொல்லை பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்தால் எங்கோ உராய்கிறது. டயரின் நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேய்கிறது. வளைவில் வண்டியின் பின்பக்கம் விசித்திரமாக எம்புகிறது. ரிம்முக்குப் பொருந்திய டயர் காருக்கு ஏன் பொருந்தாமல் போகிறது?

நான் இங்கே மனத்தில் வைத்திருக்கும் கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதைச் சென்னையிலேயே, வண்டலூர் ஆலையில், கட்டி விற்றது. அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலை வைத்து ட்ரையம்ஃப் விற்றதுதான் ஸ்பிட்ஃபயர். 1962 முதல் 1980 வரை வந்த அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்றும் உலகமெங்கும் ரசிகர்கள் உண்டு. ஆக, டாக்டர்களும் வக்கீல்களும் மயிலாப்பூரிலும் புரசைவாக்கத்திலும் ஓட்டிய குடும்ப வண்டிக்கு அடியில் இருந்தது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் எலும்புக்கூடு. ஸ்பிட்ஃபயருக்கு டயர் தேடுபவரின் தலைவலியும் ஹெரால்டுக்குத் தேடுபவரின் தலைவலியும் ஒன்றேதான்.

வடசென்னைக்கும் டயருக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் தேய்ந்த டயருக்கு ஒட்டும் ட்ரெட் ரப்பர். 1961-இல் அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு முழு டயர். எம்.ஆர்.எஃப். என்ற பெயர் விரிந்தால் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலேயே சற்று தள்ளி என்ஃபீல்டு, இன்னும் வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்டு. சென்னை டயரும் சென்னை ஹெரால்டும் ஒரே ஆண்டில் பிறந்தவை. அறுபது ஆண்டு கழித்து டயர் மாறிவிட்டது, கார் மாறவில்லை. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் டயரின் பக்கச்சுவரைப் படிப்போம். 5.20-13 என்பதில் இரண்டுமே அங்குலம். டயர் 5.20 அங்குல அகலம், அதாவது 132 மில்லிமீட்டர். ரிம் 13 அங்குலம், அதாவது 330 மில்லிமீட்டர். உயரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்தக் காலத்து டயர்கள் கிட்டத்தட்ட அகலத்துக்குச் சமமான உயரம் கொண்டவை, ஆதலால் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை எழவில்லை. 5.20-13 டயரை நிறுத்தி அளந்தால் முழு விட்டம் 582 மில்லிமீட்டரை ஒட்டி வரும். அதில் ரிம்மைக் கழித்துப் பாதியாக்கினால் ரப்பரின் உயரம் 126. அகலத்தில் அது 95 விழுக்காடு.

இப்போதைய 155/80 R13 ஒரு விசித்திரக் கலவை. 155 மில்லிமீட்டர், 80 விழுக்காடு, 13 அங்குலம். ஒரே வரியில் மூன்று அளவு முறைகள்! நடுவில் உள்ள 80-ஐ உயர விகிதம் எனலாம். அகலத்தில் எத்தனை விழுக்காடு உயரம் என்பது அது. 155-இல் 80 விழுக்காடு 124. மேலும் கீழும் சேர்த்து 248, அதோடு ரிம் 330. மொத்தம் 578. பழைய டயருக்கும் இதற்கும் விட்டத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். 145/80 R13 எடுத்தால் 562. கடைக்காரர் சொன்ன 175/70 R13 எடுத்தால் 575. இளவட்டங்கள் ஆசைப்படும் 185/60 R13 எடுத்தால் 552. நான்கிலும் கடைசி எண் 13 என்றே இருக்கும். ஆனால் நான்கையும் தரையில் நிறுத்தினால் நான்கு உயரம்.

நடுவில் இருக்கும் R என்ற எழுத்துக்குள் ஒரு பெரிய கதை இருக்கிறது. ரப்பர் வெறும் சதைதான். டயரைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே ஓடும் நூல்கள். லாரிக்காரர்கள் இன்றும் "நைலானா, ரேடியலா?" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் நைலான் என்பது நூல்கள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்வாக, அடுக்கின் மேல் அடுக்காக ஓடும் பழைய வகை. கயிற்றுக் கட்டிலில் ஒருவர் புரண்டு படுத்தால் மறுபுறம் படுத்திருப்பவரின் தூக்கமும் கலையும், எல்லாக் கயிறும் எல்லாக் கயிற்றையும் பிடித்திருப்பதால். நைலான் டயரும் அப்படித்தான். பக்கச்சுவர் வளைந்தால் தரையைத் தொடும் பரப்பும் சேர்ந்து நெளியும். 1946-இல் காப்புரிமை பெற்று 1949-இல் விற்பனைக்கு வந்த மிஷலின் எக்ஸ் டயர் இந்தக் கூட்டுக்குடும்பத்தைத் தனிக்குடித்தனம் வைத்தது. பக்கச்சுவரில் நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும். தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிகளால் ஆன ஒரு வளையப் பட்டை தனியாக இருக்கும். பக்கச்சுவர் நன்றாக வளையலாம், தரைப்பகுதி தட்டையாகவே உட்கார்ந்திருக்கும். இந்தியாவில் இந்த வகையை முதலில் 1977-இல் கொண்டுவந்தது ஜே.கே. டயர். ஹெரால்டு வரையப்பட்டபோது அதன் பொறியாளர்கள் மனத்தில் இருந்தது நைலான் வகைக் குறுக்கு அடுக்கு டயர். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

உயரம் ஏன் முக்கியம்? ஸ்பீடோமீட்டருக்குக் கண் கிடையாது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஒரு சுற்றுக்குச் சக்கரம் இத்தனை தூரம் போகும் என்று ஆலையில் யாரோ முடிவு செய்து பல்சக்கரத்தில் பதித்துவிட்டார்கள். டயர் சிறுத்தால் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று. முள் கூடுதலாகக் காட்டும். 185/60 போட்ட ஹெரால்டில் முள் 60 காட்டும்போது உண்மையில் போவது 57. போலீஸ் பிடியிலிருந்து தப்பிக்க இது வசதி என்பவர்கள் உண்டு. ஆனால் ஓடிய கிலோமீட்டரும் பொய்யாக ஏறும், எஞ்சினும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அத்தனை கூடுதலாகச் சுற்றும். 948 சி.சி. எஞ்சின், பாவம், ஏற்கனவே மூச்சு வாங்குவது. வண்டியின் வயிறும் ஒன்றரை சென்டிமீட்டர் தரைக்கு இறங்கிவிடும். மழைக்குப் பின் மணலி சாலையில் ஓட்டியவர்களுக்கு அந்த ஒன்றரை சென்டிமீட்டரின் விலை தெரியும்.

ஒரு சுற்றுக்கு டயர் எவ்வளவு தூரம் போகிறது என்பதை உருள்சுற்றளவு என்று வைத்துக்கொள்வோம். இதைக் கணக்கிடுவது எளிது போலத் தோன்றும், ஆனால் இங்கே ஓர் அழகான முரண் இருக்கிறது. 155/80 R13-இன் விட்டம் 578 மி.மீ. பள்ளிக்கூடக் கணக்குப்படி 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு ஏறக்குறைய 182 சென்டிமீட்டர். ஆனால் காரின் எடை இறங்கியதும் டயரின் அடி நசுங்குகிறது. சக்கர மையத்திலிருந்து தரைக்கு அளந்தால் 26 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதை ஆரமாக எடுத்தால் சுற்றளவு 163. எது சரி?

சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு. கைவண்டி போலக் காரை மெதுவாகத் தள்ளி, டயர்க்கோடு பத்தாவது முறை கீழே வரும் இடத்தில் தரையில் இன்னொரு கோடு. நடுவே உள்ள தூரத்தைப் பத்தால் வகுத்தால் விடை. வருவது 182-உம் இல்லை, 163-உம் இல்லை. 176 சென்டிமீட்டரை ஒட்டி ஏதோ ஓர் எண் வரும். டயர் தொழிலில் ரேடியலின் விட்டத்தை 3.14-க்குப் பதில் 3.05-ஆல் பெருக்குவது வழக்கம். அந்தக் கணக்கும் இதையேதான் சொல்கிறது.

காரணம் அந்த எஃகுப் பட்டை. அது நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. அடி நசுங்கினாலும் வளையம் அதே நீளம்தான். ஒவ்வொரு சுற்றிலும் தன் முழு நீளத்தையும் சாலையின் மேல் விரித்துச் சுருட்டிக்கொண்டே போகிறது. ஆக சக்கர மையத்தின் உயரத்துக்கு இதில் வேலை இல்லை. பட்டை ரப்பருக்குக் கொஞ்சம் உள்ளே புதைந்திருப்பதால் அதன் நீளம் வெளிச்சுற்றளவைவிடச் சற்றே குறைவு. 182-க்கும் 176-க்கும் உள்ள இடைவெளி அதுதான். காற்றுக் குறைந்த ரேடியல் கண்ணுக்குத் தெரிய நசுங்கி உட்கார்ந்தாலும் ஸ்பீடோமீட்டர் ஏறத்தாழ சரியாகவே காட்டுவதும் இதனால்தான். நைலான் டயருக்கு இப்படி ஒரு கட்டுப்பட்டை கிடையாது. வேகம் கூடக்கூட மையவிலக்கு விசையில் அது கொஞ்சம் பருத்துக்கொள்ளும். அதனால் பழைய டயரோடு ஒப்பிட்டு அரை விழுக்காடு, ஒரு விழுக்காடு என்று மல்லுக்கட்டுவதில் பொருளில்லை. அந்தப் பழைய டயரே ஒரு நிலையில் நின்றதில்லை. மூன்று, நான்கு விழுக்காட்டைத் தாண்டினால் கவலைப்படலாம். 155/80 விட்டத்தில் ஒரு விழுக்காட்டுக்குள் அடங்குகிறது. 145/80 மூன்றரை விழுக்காடு சிறிது.

துறைமுகத்து லாரிக்காரர்களுக்கு இந்தப் பாடம் வேறு வழியில் தெரியும். பின் அச்சில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர் ஜோடியாக இருக்கும். ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று போட்டால் இரண்டின் உருள்சுற்றளவும் வேறு. ஒரே ஹப்பில் பூட்டியிருப்பதால் இரண்டும் ஒரே சுற்றுத்தான் சுற்ற முடியும். ஆகவே ஒன்று தரையில் இழுபட்டே ஓடும். பெரியது சுமையைச் சுமந்து சூடாகும், சிறியது தேய்ந்து தீரும். தேர்ந்த கிளீனர் ஜோடி போடும் முன் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்பதைக் கவனித்திருக்கலாம்.

இனி அகலம். "அகல டயர் போட்டால் அதிக ரப்பர் தரையில் படும், அதிகப் பிடிப்பு" என்பது எல்லோரும் நம்பும் கணக்கு. டயர் தரையைத் தொடும் திட்டைத் தரைத்தடம் என்போம். அதன் பரப்பு எவ்வளவு? ஹெரால்டின் எடை 800 கிலோவுக்கு அருகில். நான்கு பேர் ஏறினால் 1,080 என்று வையுங்கள். ஒரு சக்கரத்துக்கு 270 கிலோ. டயரில் சதுர அங்குலத்துக்கு 24 பவுண்டு காற்று. அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 1.7 கிலோவைத் தாங்கும். 270 கிலோவைத் தாங்க எத்தனை சதுர சென்டிமீட்டர் வேண்டும்? ஏறத்தாழ 160. டயரின் அகலம் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எடையும் காற்றழுத்தமும் மட்டுமே பரப்பைத் தீர்மானிக்கின்றன. பக்கச்சுவரின் விறைப்பு கொஞ்சம் சுமையைத் தாங்குவதால் உண்மை எண் சற்று மாறும், அவ்வளவே.

நம்பாதவர்கள் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, டயரின் அடியில் காவிப்பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, கீழே ஒரு சார்ட் பேப்பரை வைத்து இறக்கிப் பார்க்கலாம். பதிந்த தடத்தின் மேல் கட்டம் போட்டு எண்ணினால் பரப்பு வரும். ஆய்வுக்கூடங்களில் தடித்த கண்ணாடியின் மேல் டயரை உருட்டிக் கீழிருந்து படமெடுக்கிறார்கள். அடிப்படை ஒன்றே. அகல டயர் போட்டால் தடம் குறுக்கே நீள்கிறது, முன்பின்னாகக் குறுகுகிறது. பரப்பு பெரிதாக மாறாது, வடிவம் மாறும்.

அப்படியென்றால் பந்தயக் கார்களுக்கு ஏன் அவ்வளவு அகல டயர்? செங்குன்றத்தைத் தாண்டிச் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்த பிறகுதான் சோழவரம் ஓய்ந்தது. ஹெரால்டுகளும் அங்கே ஓடின, ஃபார்முலா கார்களும் ஓடின. ஃபார்முலா கார்களின் அகல டயருக்குக் காரணம் பல. குறுக்கே நீண்ட தடம் வளைவில் குறைவாக நெளிகிறது. உராய்வின் சூடும் தேய்மானமும் அதிக ரப்பரில் பகிரப்படுவதால் மிக மென்மையான, பிசின் போல ஒட்டும் ரப்பரைப் பயன்படுத்த முடிகிறது. பிடிப்பின் பெரும்பங்கு அந்த மென்மையில் இருக்கிறது. நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டிய தெருக் காரின் கெட்டி ரப்பரை அகலமாக வெட்டிப் போட்டால் அந்தப் பலன் வந்துவிடாது.

மழையில் கணக்கு எதிர்ப்பக்கமும் திரும்பும். ஈரமான ஓடுதளத்தில் விமானச் சக்கரங்கள் தண்ணீரின் மேல் மிதப்பதை 1960-களில் நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடம் ஆராய்ந்தது. வழவழப்பான டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதைப் பெரும்பாலும் காற்றழுத்தமே முடிவு செய்கிறது என்று கண்டார்கள். 24 பவுண்டுக்கு அந்த வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரை ஒட்டி. பட்டன், அதாவது டயரின் மேடுபள்ளம், நன்றாக இருந்தால் எல்லை மேலே போகும், மொட்டையானால் அந்த எண்ணுக்கே இறங்கிவிடும். அகலமாகவும் குட்டையாகவும் உள்ள தடம் தன் முன்னால் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டியிருக்கிறது, அதற்குக் கிடைக்கும் நேரமோ குறைவு. ஐப்பசி மழையில் ஒல்லி டயர் ஒன்றும் இளைத்தது அல்ல.

ஹெரால்டுக்கே உரிய ஆபத்து இனிதான் வருகிறது. பெரும்பாலான பழைய கார்களில் பின் அச்சு குறுக்கே ஓடும் ஒரே இரும்புத் தண்டு. ஹெரால்டில் அப்படி இல்லை. நடுவில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து இருபுறமும் இரண்டு அரை அச்சுகள், ஒவ்வொன்றும் உள்முனையில் மட்டும் கீல் வைத்ததுபோல மேலும் கீழும் ஆடும். ஊசல் அச்சு என்று சொல்லலாம். சக்கரம் மேலே எழும்போது தலை உள்ளே சாயும், கீழே இறங்கும்போது கால் உள்ளே மடங்கும். சக்கரம் எந்நேரமும் தரைக்கு நிமிர்ந்து நிற்காது.

வேகமாக ஒரு வளைவில் திரும்புகிறீர்கள். வெளிப்பக்கப் பின்சக்கரத்தைத் தரை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் தரைமட்டத்தில் வேலை செய்கிறது, அச்சின் கீலோ அதற்கு மேலே இருக்கிறது. ஆக சக்கரத்தை வண்டிக்கு அடியில் மடக்கப் பார்க்கிறது, கூடவே வண்டியின் பின்பக்கத்தை மேலே நெம்புகிறது. பின்பக்கம் எழும்ப எழும்ப சக்கரம் இன்னும் மடங்கும், தரைத்தடம் ஓர் ஓரக் கீற்றாகச் சுருங்கும், சட்டென்று பிடி விட்டுப் போகும். இந்த நெம்புவிசை எவ்வளவு பெரிது என்பது டயரின் பிடிப்பைப் பொறுத்தது. பழைய ஒல்லி நைலான் டயர் அந்த அளவு விசையைத் தாங்கும் முன்பே வழுக்கத் தொடங்கிவிடும். டயர் கத்தும், வண்டி மெல்ல அகலும், ஓட்டுநர் பயந்து காலை எடுப்பார். பிடிப்பு மிகுந்த அகல டயர் வழுக்காமல் பிடித்துக்கொண்டே இருந்து, வண்டியை நெம்பும் அளவுக்கு விசை சேர விடுகிறது. நல்ல டயர் போட்டதாலேயே கார் கெட்டுப்போகும் இடம் இது.

அமெரிக்காவில் 1960-இல் வந்த செவ்ரோலே கோர்வேருக்கும் பின்னால் ஊசல் அச்சுதான், போதாக்குறைக்கு எஞ்சினும் பின்னால். பின்பக்கம் பிடிப்பாக இருக்க வேண்டும், முன்பக்கம் முதலில் வழுக்க வேண்டும் என்பதற்காக முன்னால் 15 பவுண்டு, பின்னால் 26 பவுண்டு காற்று அடிக்கச் சொன்னார்கள். பெட்ரோல் பங்கில் காற்றடிப்பவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான், நாலு சக்கரத்துக்கும் சமமாக அடித்துவிடுவார்கள். கார் வளைவில் கவிழ்ந்தது. ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியது. ட்ரையம்ஃப் 1970-இல் ஸ்பிட்ஃபயரின் நான்காம் பதிப்பில் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கின் அமைப்பையே மாற்றி இந்த நெம்பலைத் தணித்தது. நம் வண்டலூர் ஆலை வேறு வழி கண்டது. ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்டு கெசலில் ஊசல் அச்சை எடுத்துவிட்டு, எல்லா மெக்கானிக்குக்கும் பழக்கமான ஒரே தண்டு அச்சைப் போட்டுவிட்டார்கள். வாங்கியவர்களும் அதைத்தான் கேட்டார்கள்.

ரேடியலே போடக்கூடாது என்று இதற்குப் பொருளில்லை. நல்ல நைலான் கார் டயர் இன்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்தான் உண்டு, விலையும் கண்ணைக் கட்டும். அளவோடு ஒல்லியான ரேடியல் போதும். ஆனால் இரண்டையும் கலக்கவே கூடாது. குறிப்பாக முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்று ஒரு ஹெரால்டைப் பார்த்தால் அதில் ஏறாதீர்கள். முன்பக்கம் கெட்டியாகப் பிடித்துத் திரும்ப, பின்பக்கம் தனியாகச் சுழன்று வந்து சேரும்.

அப்படியானால் 145-ஆ, 155-ஆ? உயரம் 155 பக்கம் கை காட்டுகிறது. இன்னொரு வசதியும் உண்டு. மாருதி வேகன்ஆரின் அடிப்படை மாடல்களுக்கு வருவது 155/80 R13. ஆகையால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் கடைசி வார்த்தை ரிம்முடையது. ரிம்முக்கு விட்டம் மட்டுமல்ல, அகலமும் உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. ஹெரால்டின் பழைய ரிம் மூன்றரை அங்குலம். இதை அளப்பதிலேயே பலர் கோட்டை விடுகிறார்கள். ரிம்மின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கு டேப்பைப் பிடித்தால் நாலரை அங்குலம் போலக் காட்டும். அளக்க வேண்டியது டயரின் விளிம்பு வந்து முட்டும் இரண்டு உள்முகங்களுக்கு இடையே. 145/80 டயருக்கு மூன்றரை முதல் ஐந்து அங்குல ரிம் வரை ஒப்புதல் உண்டு. 155/80-க்கு நான்கு அங்குலத்தில்தான் தொடங்குகிறது. 175/70-க்கு நாலரையில். குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் பக்கச்சுவர்கள் உள்ளே இழுக்கப்பட்டு, தரையைத் தொடும் பகுதி நடுவில் உப்பும். தேய்வது நடு மட்டும். திருப்பும்போது ரிம் ஒரு பக்கம் போக, டயர் யோசித்து விட்டுப் பின்னால் வரும். காசு கொடுத்து வாங்கிய அகலமும் கிடைக்காது. ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயரின் அகலம் சுமார் 5 மில்லிமீட்டர் சுருங்கிவிடும்.

என் தீர்ப்பு இது: மூன்றரை அங்குல அசல் ரிம் என்றால் 145/80, ஸ்பீடோமீட்டரின் மூன்றரை விழுக்காட்டுப் பொய்யைப் பொறுத்துக்கொள்ளலாம். பிந்தைய ஸ்பிட்ஃபயரின் நாலரை அங்குல ரிம் கிடைத்து மாட்டியிருந்தால் 155/80, உயரமும் அசலுக்கு வந்துவிடும். 175 எந்த ஹெரால்டுக்கும் வேண்டாம், ரிம்மைச் சேர்த்து மாற்றினாலும் வேண்டாம். வெளியே தள்ளி நிற்கும் அகல ரிம் முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன் என்ற வெண்கல மூட்டின் மேல் கூடுதல் முறுக்கைப் போடும். கிரீஸ் அடிக்காமல் கியர் ஆயில் விட்டுப் பராமரிக்க வேண்டிய அந்த மூட்டு, கவனிப்பில்லாவிட்டால் ஒடிந்து சக்கரமே படுத்துவிடும் என்பதில் இந்தக் கார்களுக்கு உலகப்புகழ் உண்டு.

மற்றவை சின்ன விஷயங்கள். அளவுக்குப் பின்னால் 75S, 79T என்பது போல வருவது சுமையும் வேகமும். 75 என்றால் ஒரு டயருக்கு 387 கிலோ, 79 என்றால் 437. S 180 கிலோமீட்டர் வேகம் வரை. ஹெரால்டு அதைக் கனவிலும் எட்டாது. தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். ஷெட்டிலேயே நிற்கும் பழைய கார்களின் டயர் தேயாது, கெட்டிப்படும். பட்டன் புதிதுபோல் இருக்கும், பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். இன்னொன்று, டியூப். கடையில் "டியூப்லெஸ் சார், டியூப் எதுக்கு?" என்பார்கள். பழைய ரிம்களில் டயரின் விளிம்பு நழுவாமல் தடுக்கும் அந்தச் சிறு மேடு இருப்பதில்லை. வளைவில் காற்று ஒரே மூச்சில் போய்விடலாம். சரியான அளவு டியூபைக் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். டயருக்குள்ளே ஒட்டியிருக்கும் பேப்பர் ஸ்டிக்கரை முதலில் பிய்த்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதுவே டியூபை அராவி ஓட்டை போடும்.

மாட்டி முடித்ததும் கடை வாசலிலேயே ஒரு சோதனை. ஹெரால்டின் பெருமைகளில் ஒன்று அது திரும்பும் வட்டம், வெறும் 25 அடி. முன்சக்கரங்கள் அவ்வளவு ஒடியும் என்பதால் டயருக்கும் சேஸிஸுக்கும் நடுவே இடம் மிகக் குறைவு. ஸ்டியரிங்கை வலது கடைசி வரை ஒடித்து மெதுவாக ஒரு வட்டம், இடது கடைசி வரை ஒடித்து இன்னொரு வட்டம். எங்காவது சர்ரென்று உராயும் சத்தம் கேட்டால், பில் போடுவதற்கு முன்பே கழற்றி மாற்றச் சொல்லிவிடலாம்.